வயிற்று நோயாளியும் வழியின் கடமையும்

நாள்பட்ட வயிற்று நோய் உள்ளவர் வெளியூர் கிளம்பும்போது கேட்கும் புத்திமதிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதாம். முதல் நாளே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சோற்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். மாத்திரை கைப்பையிலேயே இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். வழியில் காபியைத் தொடக்கூடாது. ஐபிஎஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் நோய் என்று இன்றைய மருத்துவம் பெயரிட்டவற்றோடும், கிராணி, குன்மம் என்று நம் வைத்தியர்கள் சொன்னவற்றோடும் வாழ்கிறவர்கள் இவற்றை யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கிறார்கள். அறிவுரைகளில் தவறில்லை. ஆனால் அத்தனையும் நோயாளியைப் பார்த்தே சொல்லப்படுகின்றன. பேருந்தை ஓட்டுகிறவர்களையோ, நெடுஞ்சாலையில் உணவகம் நடத்துகிறவர்களையோ, நிலையத்தைப் பராமரிக்கிறவர்களையோ பார்த்து ஒன்றும் சொல்லப்படுவதில்லை. பயணத்தில் வயிற்றைக் காப்பது பயணியின் சொந்தப் பாடு என்ற இந்த எண்ணம் தொன்றுதொட்டு வந்ததுபோலத் தோன்றுகிறது. நம் வழிகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நெடுங்காலம் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை வழியும் சுமந்தது. ரயில் வந்தபோது அது முழுவதும் பயணியின் உடல்மேல் இறக்கிவைக்கப்பட்டது. பிறகு கேட்டுக் கேட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக அது திரும்பப் பெறப்பட்டது. இதை நிறுவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வயிற்று நோயோடு பயணம் செய்தவர்களில் தமிழ் மரபு மிக நன்றாக நினைவில் வைத்திருப்பவர் திருநாவுக்கரசர். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருடைய வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் விரிவாகச் சொல்கிறார். இன்றைய கடலூரில் அடங்கிய பாடலியில், சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவரைச் சூலை நோய் பற்றுகிறது. மடத்தில் செய்த எந்த மருத்துவமும் பலிக்கவில்லை. பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் ஆள் அனுப்புகிறார். தமக்கை அங்கு வர மறுக்கிறார். எனவே அவரே வெள்ளை உடை உடுத்து, கைகொடுப்பவர்கள்மேல் ஊன்றிக்கொண்டு, யாரும் காணாமல் இரவில் நடந்து போகிறார். நோயாளி இரவைத் தேர்ந்துகொண்டதற்குச் சமயக் காரணம் இருந்தது. ஆனாலும் கடும் வயிற்று வலியோடு பயணம் போவதென்றால் பிறர் கை வேண்டும், பிறர் கண் படாத மறைவு வேண்டும் என்பதைக் கதை தெளிவாகக் காட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய செய்தி பின்னால் வருகிறது. அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே திங்களூர் அப்பூதியடிகள் அவர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறார், குளம் தோண்டுகிறார். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியாலும் தாகத்தாலும் களைத்த நாவுக்கரசருக்குச் சிவனே சோலையும் குளமும் உண்டாக்கிப் பொதிசோறு கொடுத்ததாகவும் கதை சொல்கிறது. இது பக்திக் காப்பியம், பயணக் குறிப்பேடு அன்று என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு காலத்துச் சமூகம் எதை அறம் என்று நினைத்தது என்பதற்கு அதன் காப்பியத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நடந்து வருகிறவனுக்குத் தண்ணீரும் சோறும் நிழலும் வழியிலேயே இருக்க வேண்டும், அவனே எல்லாவற்றையும் சுமந்து வர வேண்டியதில்லை என்பது அந்த அறம்.

இந்த அறம் பின்னாளில் கல்லும் சுண்ணாம்புமாக எழுந்தது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் ராணி மங்கம்மாள் பெயரில் சத்திரம் இருக்கிறது. ராமேசுவரம் போகும் வழியில் தஞ்சை மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் 2ஆம் சரபோஜி கட்டிய முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. 1799இல் தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திரங்களின் வருமானத்துக்கு இடையூறு வந்துவிடக் கூடாது என்று 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்குச் சரபோஜி எழுதிய கடிதம் நம் விஷயத்துக்கு நேரடிச் சான்று. சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் அவர் விவரிக்கிறார். எந்த வகுப்பைச் சேர்ந்த வழிப்போக்கருக்கும் அன்னம் உண்டு, வைத்தியர்கள் இருக்கிறார்கள், வழியில் நோயுற்றவருக்கு மருந்தும் நோய்க்கு ஏற்ற உணவும் கொடுத்து, குணமாகும்வரை பரிவோடு வைத்துப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசிச் செய்தி நின்று கவனிக்கத்தக்கது. வயிற்றுக் கடுப்பும் கழிச்சலும் கண்டவனுக்கு மற்றவர்கள் உண்ணும் சோறு ஆகாது, அவனுக்கென்று பத்தியச் சாப்பாடு வேண்டும், மறுநாளே கிளம்பு என்று சொல்லக் கூடாது என்ற மூன்றையும் உணர்ந்த ஏற்பாடு அது. குன்மத்தை எட்டு வகையாகப் பிரித்துப் பார்த்த சித்த மருத்துவ நாட்டில், ஒரே உணவு எல்லா வயிற்றுக்கும் பொருந்தாது என்ற அறிவு சத்திரத்துச் சமையற்கட்டு வரை போயிருந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி இருந்தது. பல சத்திரங்கள் பிராமணருக்கு மட்டுமே சமைத்த உணவு போட்டன. அரசனே எழுதிய கடிதம் தன் அறத்தைச் சற்று உயர்த்தித்தான் சொல்லியிருக்கும். தோப்பும் புதரும் ஆணுக்குக் கொடுத்த மறைவைப் பெண்ணுக்கு அதே அளவில் கொடுக்கவில்லை. கழிச்சலில் சத்திரம் வந்து சேருமுன்பே இறந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். இவை எல்லாம் மெய். ஆனால் கொள்கை ஒன்று நிலைபெற்றிருந்தது என்பதை இக்குறைகள் மறுக்கவில்லை. நோயுற்ற வழிப்போக்கனுக்கு வழி பதில் சொல்ல வேண்டும் என்பதே அக்கொள்கை. அதோடு நடைப் பயணத்துக்கும் வண்டிப் பயணத்துக்கும் இயல்பாகவே ஒரு சலுகை இருந்தது. வயிறு கேட்டால் நிற்கலாம். வண்டிக்காரனிடம் ஒரு சொல் போதும், மாடு நின்றுவிடும். குடல் நோய் உள்ளவனுக்கு இதைவிடப் பெரிய மருந்து பயணத்தில் இல்லை. அவனுக்கு அச்சம் தருவது நோயைவிட, நிற்க முடியாத நிலைதான்.

ரயில் எடுத்துக்கொண்டது அந்தச் சலுகையைத்தான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடியது. தூரம் சுமார் 100 கிலோமீட்டர். 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து போன பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. 15 ஆண்டுகளுக்குள் ஒரு பகல் பயணம் இரண்டு இரவுப் பயணமாக நீண்டது. ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டி நீண்ட பயணத்துக்கு ஏற்ப மாறவில்லை. உயர் வகுப்புகளுக்குக் கழிப்பறை வந்த பின்னும், பயணிகளில் மிகப் பெரும்பான்மையினரான மூன்றாம் வகுப்பாருக்கு அது நெடுநாள் வரவில்லை. நிலையத்தில் வண்டி நிற்கும் சில நிமிடங்களுக்குள் இறங்கி, தேடி, முடித்து, ஓடி வந்து ஏற வேண்டும். எப்போது நிற்பது என்பதை அதுவரை உடல் முடிவு செய்தது. இனிக் கால அட்டவணை முடிவு செய்தது. இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் நிலைமை இதுதானே என்று கேட்கலாம். ஆம், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்து போகக்கூடிய நடைவழி ரயில் கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியில் 1892இல்தான் வந்தது. ஆனால் அங்கே தூரம் குறைவு. மேலும் இங்கே தடை தொழில்நுட்பம் என்றால் முதல் வகுப்பிலும் கழிப்பறை இருந்திருக்கக் கூடாது. ஒரே இயந்திரம் இழுத்துப் போகும் பெட்டிகளில் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லையென்றால், அதற்குக் காரணம் பொறியியலில் இல்லை, பயணியின் மதிப்பை அளந்த முறையில் இருக்கிறது. கழிப்பறைக்கு இடம் விட்டால் ஆட்களை ஏற்றும் இடம் குறையும், வருமானம் குறையும் என்பதே கம்பெனிகளின் கணக்கு.

இந்தக் கணக்கை மக்கள் வாய்மூடி ஏற்கவில்லை. 1866லேயே வடமேற்கு மாகாணங்களின் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் குறைகளை அரசிடம் மனுவாகக் கொடுத்தது. ஆனால் பொதுமக்கள் நினைவில் நிற்பது 1909இல் ஓகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்தான். பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் நிலையத்தில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் ஆண் பெண் எல்லார் முன்னிலையிலும் விழுந்து, வண்டியைத் தவறவிட்டார். ஒரு பயணி வெளிக்குப் போனால் கார்டு ஐந்து நிமிடம் காத்திருக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. கார்டுக்கு அபராதம் போட வேண்டும், இல்லையேல் செய்தித்தாள்களுக்கு எழுதுவேன் என்கிறார். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தால் புகழ்பெற்ற இக்கடிதத்தை அதன் பிழையான ஆங்கிலத்துக்காகப் படித்துச் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டிய கடிதம் இல்லை அது. தனக்கு நேர்ந்த மானக்கேட்டை மறைக்காமல், தெரியாத மொழியில், அதிகாரத்தின் முகத்துக்கு நேரே எழுதிய ஒருவருடைய நீதி மனு. இந்த ஒரு கடிதத்தால்தான் இந்திய ரயில்களில் கழிப்பறை வந்தது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது மிகை, மனுக்களும் விவாதங்களும் அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. கடிதத்தின் பெருமை வேறு. மனுக்கள் பொதுவாக வசதிக்குறைவு என்று சொன்னதை, ஓர் உடலுக்கு ஒரு நிலையத்தில் நேர்ந்த நிகழ்ச்சியாக அது பதிவு செய்தது.

கழிப்பறை வந்துவிட்டால் குறை தீர்ந்துவிடுமா என்ற கேள்விக்கு 1917 செப்டம்பரில் காந்தி ராஞ்சியிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதம் விடை சொல்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய இரண்டரை ஆண்டில் கால் பங்குக்கு மேல் மூன்றாம் வகுப்பு ரயிலிலேயே கழித்தவர் அவர். வடக்கே லாகூர் வரையும் தெற்கே தரங்கம்பாடி வரையும் போய் வந்தவர். பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயிலில் அவர் வந்த பெட்டி 22 பேருக்கானது. ராய்ச்சூர் தாண்டிய பிறகு நெரிசல் தாங்க முடியாததாயிற்று. அந்தப் பெட்டியில் கழிப்பறை இருந்தது. ஆனால் பயணம் முழுவதிலும் ஒருமுறைகூட அது கழுவப்படவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லை. வழியில் விற்ற தின்பண்டங்களில் ஈ மொய்த்தது; தேநீர் என்று கொடுத்தது சேற்றுநிறத் தண்ணீர். வயிற்று நோய் இல்லாதவனுக்கும் நோயை உண்டாக்கும் வண்டி அது. ஏற்கெனவே குடல் கெட்டவன் இரண்டு இரவு அதில் எப்படி இருந்திருப்பான்? கூட்டத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் தண்ணீர் இருக்காது, உண்ணாமலிருந்தால் மயக்கம் வரும், உண்டால் வயிறு புரளும். கழிப்பறை, தண்ணீர், துப்புரவு, நல்ல உணவு, நகர்வதற்கு இடம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் வசதி. ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கு பயன்படாமல் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டாம்.

அதற்கடுத்த ஆண்டு, 1918 ஆகஸ்டில், காந்திக்கே கடும் சீதபேதி கண்டது. கேடா மாவட்டத்தில் அவர் வேலை செய்துகொண்டிருந்த சமயம். நோயோடு சபர்மதி நிலையத்துக்குச் சிரமப்பட்டு நடந்து, ரயிலேறி நடியாதுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சத்திய சோதனையில் விவரிக்கிறார். தங்கிய இடத்தில் கழிப்பறை தொலைவில் இருந்தது. பக்கத்து அறையில் ஒரு மலத்தொட்டி வைக்கச் சொல்லிக் கேட்கிறார். அப்படிக் கேட்க வெட்கமாக இருந்தது, ஆனால் வேறு வழியில்லை என்று எழுதுகிறார். துப்புரவைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர், கக்கூஸ் கழுவுவதை ஆசிரம விதியாக்கியவர், அவருக்கே தன் தேவையைச் சொல்லக் கூச்சமிருந்தது. சாதாரணப் பயணியின் கூச்சத்தைச் சொல்லவே வேண்டாம். வயிற்று நோயாளியின் குறை பதிவேடுகளில் ஏறாமல் போனதற்கு இந்தக் கூச்சமே பெரும் காரணம். கேட்பவர் இல்லாததால் தேவையும் இல்லை என்று நிர்வாகம் முடிவு கட்டுகிறது; ஏற்பாடு இல்லாததால் நோயாளி வீட்டிலேயே தங்கிவிடுகிறார்; அவர் வராததைக் காட்டித் தேவை இல்லை என்பது மறுபடியும் நிலைநாட்டப்படுகிறது. சென் எழுதிய கடிதம் அரிதானதும் இதனால்தான். வெட்கத்தை விட்டவர் ஒருவர், விடாதவர் பல்லாயிரம் பேர்.

இந்த வாதத்துக்கு எதிராக நான்கு தடைகள் எழலாம். முன்னோர் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, ஓமமும் சுக்கும் முடிந்துகொண்டு போனார்களே, அது போதாதா என்பது முதல் தடை. போதாது. கட்டுச்சோறு உள்ளே போவதைத்தான் பார்த்துக்கொள்ளும், வெளியேறுவதற்கு இடம் தராது. முன்னோரின் கட்டுச்சோறு தண்ணீர்ப் பந்தலும் சத்திரமும் இருந்த வழியில் போனது என்பதையும் மறக்கக் கூடாது. சிலருடைய நோய்க்காக எல்லாருடைய பணத்தைச் செலவிடலாமா என்பது இரண்டாவது. நாள்பட்ட நோயாளிக்குச் செய்யும் ஏற்பாடு கர்ப்பிணிக்கும், சர்க்கரை நோயாளிக்கும், முதியவருக்கும், மாதவிடாயில் இருக்கும் பெண்ணுக்கும், குழந்தையோடு வரும் தாய்க்கும் அப்படியே உதவும். இவர்களை எல்லாம் கழித்துவிட்டால் வண்டியில் மிஞ்சுபவர்களே சிலர். மூன்றாவது, இடமும் வருமானமும் குறையும் என்ற பழைய கம்பெனிக் கணக்கு. அந்தக் கணக்கை மீறித்தான் மூன்றாம் வகுப்பில் கழிப்பறை வைக்கப்பட்டது; ரயில் நின்றுவிடவில்லை. நான்காவது தடை வலுவானது: கட்டிக் கொடுத்தால் மக்களே அசுத்தப்படுத்துகிறார்கள். காந்தியும் பயணிகளின் பழக்கத்தைக் கண்டிக்கத் தயங்கவில்லை. ஆனால் அவர் நிர்வாகத்தின் அலட்சியத்தையும் அதே மூச்சில் கண்டித்தார். தண்ணீர் இல்லாத கழிப்பறையைச் சுத்தமாக விட்டுப்போக யாராலும் முடியாது. தண்ணீரும் கழுவும் ஆளும் கொடுத்த பிறகே பழக்கத்தைக் குறை சொல்லும் உரிமை வரும். அந்த ஆளுக்கும் உரிய கூலியும் கருவியும் மதிப்பும் இருக்க வேண்டும். ஒருவருடைய வசதி இன்னொருவருடைய இழிவின்மேல் எழக் கூடாது.

கேட்டால் மாறும் என்பதற்கு அண்மைக் காலமும் சான்று தருகிறது. பிரிட்டனில் 1981 முதல், ஊனமுற்றோருக்கான பொதுக் கழிப்பறைகளை ஒரே சாவியால் திறக்கும் திட்டம் நடக்கிறது. ஜெர்மனியில் 1986இல் தொடங்கிய அதுபோன்ற திட்டம் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவியது. நாள்பட்ட குடல் நோய் உள்ளவர்களும் அந்தச் சாவிக்கு உரியவர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2005இல் ஒரு சட்டம் செய்தது. குரோன்ஸ் நோய் உள்ள ஒரு சிறுமிக்குக் கடையில் கழிப்பறை மறுக்கப்பட்டதிலிருந்து பிறந்த சட்டம் அது; குடல் நோயாளி அவசரத்தில் கேட்டால் ஊழியர் கழிப்பறையைக் கடைக்காரர் திறந்துவிட வேண்டும் என்கிறது. பிற மாநிலங்களும் பின்பற்றின. நம் நாட்டில் 2011இல் ரயில்களில் பயோ டாய்லெட் பொருத்தத் தொடங்கினார்கள். 2016இல் மானாமதுரை – ராமேசுவரம் இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் மலம் விழாத முதல் பாதையாக அறிவிக்கப்பட்டது. சத்திரங்கள் நிறைந்திருந்த ராமேசுவரம் யாத்திரைத் தடத்துக்கே அந்தப் பெருமை கிடைத்தது பொருத்தம். ரயிலை ஓட்டுகிறவருக்கு எஞ்சினில் கழிப்பறை முதன்முதலாக வந்ததும் அதே 2016இல்தான். 1853இல் ரயில் ஓடத் தொடங்கிய நாட்டில், ஓட்டுநருக்கும் வயிறு உண்டு என்று ஒப்புக்கொள்ள 163 ஆண்டுகள் ஆயின.

ரயிலில் ஓரளவு வென்றதைச் சாலையில் நாம் இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. இரவு முழுவதும் ஓடும் பேருந்துகள் பெரும்பாலானவற்றில் கழிப்பறை இல்லை. எங்கே நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை. நிற்கும் இடத்தில் காரமும் எண்ணெயுமே கிடைக்கும், கஞ்சியோ மோரோ கிடைக்காது. இவற்றில் எதற்கும் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. நிற்கும் இடங்களைப் பயணச்சீட்டிலேயே அச்சிடலாம். கேட்டால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று நடத்துநருக்கு விதி செய்யலாம். நெடுஞ்சாலை உணவகத்துக்கு உரிமம் தரும்போது, தண்ணீர் உள்ள கழிப்பறையும் பத்திய உணவு ஒன்றும் கட்டாயம் என்று எழுதலாம். உணவு வாங்காதவருக்கும் கழிப்பறைக் கதவைத் திறக்கச் சொல்லலாம். 1801இல் ஒரு சத்திரம் செய்ததற்கு மேல் இதில் எதுவும் இல்லை. வயிற்று நோய் உள்ளவர்கள் மாத்திரையும் கட்டுச்சோறும் எடுத்துப் போகட்டும். அதோடு, குறை கண்ட இடத்தில் ஒரு புகார்க் கடிதமும் எழுதட்டும். நோயில்லாதவர்கள் அதில் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். வெட்கப்பட வேண்டியவர் நோயாளி அல்லர்.